தொடவும்

வெள்ளிக்கிழமை மதியம் வந்த மின்னஞ்சல்
'உற்சாகமான செய்தி' என்றுதான் தொடங்கியது.
மூன்றாம் பத்தியில்தான் தேதி இருந்தது:
செப்டம்பர் முப்பதோடு கடையடைப்பு.
அதன்பின் கோப்புகளைப் பார்க்கலாம்.
தொட்டால் அசையாது.

ஒன்பது வருடம்.
அறுநூற்றுப் பன்னிரண்டு கோப்பு.
அன்றிலிருந்து அந்த மென்பொருளை
பழையது என்றே சொல்லிவந்தேன்.
வெய் ஷானுக்குச் சொல் பிடித்துப்போய்
ழகரம் வழுக்க அவளும் சொன்னாள்.
அது தண்ணீர் ஊற்றிவைத்த சோறும்தான் என்று
நான் விளக்கவில்லை.

தை செங்கில், ஆறாவது மாடியில்,
மாற்று தேடும் வேலை என் தலையில் விழுந்தது.
கூட்டத்தில் நான்தான் பெருமூச்சு விட்டேனாம்.

முதலாவது அழகு.
தலைக்கு மாதம் இருபத்தெட்டு வெள்ளி.
டெரன்ஸ் தலைகளை எண்ணினார்,
பிறகு முகங்களைப் பார்த்தார்.
அடுத்தது உலாவியில் மட்டும் ஓடும்.
மருந்தகத்தின் வலையோ
வெளியார் எவரையும் உள்ளே விடாது.

இன்னொன்றில் பொத்தானுக்கு நிழல் விழுந்தது,
பக்கங்கள் வெண்ணெயாய் வழுக்கின.
ஆங்கிலம், சீனம், மலாய் எல்லாம் சரி.
நான்காவது வரிசையில்
'தொடவும்' என்று தட்டினேன்.
முன்னால் இருக்கவேண்டிய கொம்பு
வாலில் முளைத்திருந்தது.
கால் அதற்கும் பின்னால் நொண்டியது.
ஆட்டை அறுத்துத் தப்பாக ஒட்டியதுபோல்
ஒரு த.

நிறுவனத்துக்கு எழுதினேன்.
'உங்கள் மொழியைப் பெரிதும் மதிக்கிறோம்.'
எந்த மொழி என்று பதிலில் இல்லை.

இதற்குள் சோதனை நாள் வந்துவிட்டது.
புக்கிட் பாத்தோக் பலதுறை மருந்தகம்,
காலை எட்டரை,
வரிசை எண் எடுக்கும் திரையின் மாதிரி.
பழையது முந்தின இரவே கண்ணை மூடியிருந்தது.
கையில் மிஞ்சியவை பதினாறு படங்கள்,
பொத்தான் வரைந்த, பொத்தான் இல்லாத படங்கள்.

தூணுக்குப் பின்னால் மடிக்கணினியோடு உட்கார்ந்தேன்.
யாராவது திரையைத் தொட்டால்
வெய் ஷான் இருமுவாள்.
நான் அடுத்த படத்தைத் தள்ளுவேன்.
இருமல் ஒன்று ஆங்கிலம், நான்கு தமிழ்.
அன்று எங்கள் தொழில்நுட்பம் அவ்வளவுதான்.

ஏழாவதாக வந்தவர் தவமணிநாதன்,
டாக்சி ஓட்டுபவர், சர்க்கரை மாத்திரைக்காக.
நான்காவது வரிசையைத் தொட்டார்.
அந்நேரம் பார்த்து வெய் ஷானுக்கு
நிஜமாகவே தும்மல்.
தும்மலுக்கு என்ன செய்வதென்று
நாங்கள் பேசிவைக்கவில்லை.

அவர் விரலை எடுக்கவில்லை.
'யோசிக்குது போல' என்றார்,
திரையைக் குறை சொல்லாமல்,
சிவப்பு விளக்கில் நின்று பழகிய பொறுமையோடு.
பதினோரு நொடி.
பிறகுதான் தள்ளினேன்.
எண் வந்தது: 4017.
'நல்லாருக்கு' என்றார், 'பெரிய எழுத்து.'

படிவத்தில் 'கணினியின் வேகம்' என்ற இடத்தில்
வெய் ஷான் 'மிதம்' என்று குறித்தாள்.
அந்தக் கணினி நான்.

மாற்று கிடைத்ததா என்றால், கிடைத்தது.
அசிங்கமான சாம்பல் நிறம்.
எதைத் தேடினாலும் இரண்டு அடுக்கு கீழே.
பதினான்கு வெள்ளி.
'இதில் என்ன விசேஷம்?' என்றார் டெரன்ஸ்.
தட்டிக் காட்டினேன்:
கொம்பு முன்னால், த நடுவில், கால் பின்னால்.
அவருக்கு மூன்று கோடாகத் தெரிந்திருக்கும்.
'ஓகே லா' என்றார்.

அறுநூற்றுப் பன்னிரண்டில்
நாற்பதைத்தான் இதுவரை மாற்றியிருக்கிறேன்.
மற்றவை பார்க்க மட்டும்.
எல்லோரும் எம்ஆர்டிக்கு ஓடிய பிறகு
சில மாலைகளில் ஒன்றைத் திறந்து
ஒரு பொத்தானைத் தொடுவேன்.
ஒன்றும் நடக்காது.
விரலை எடுக்காமல்
பதினோரு வரை எண்ணுவேன்.