ஆறாவது கட்டம்

தொப்பூர் இறக்கத்தில்
லாரி கவிழ்வதை வரைவது சுலபம்.
சாய்வாக நாலு கோடு, ஒரு 'டமால்',
சிதறிய பாலக்கோட்டுத் தக்காளிக்கு
அரை மூடி சிவப்பு மை.

அதற்கு முந்தைய கட்டம்தான்
பதினோரு தாள் தின்றும் வரவில்லை.
பிரேக்கை மிதிக்கிறது ஒரு கால்.
பிரேக் பிடிக்கவில்லை.
பிடிக்கிற பிரேக்கை மிதிக்கிற காலும்
தாளில் இதே கால்தான்.
வியர்வை போட்டேன், புடைத்த நரம்பு போட்டேன்.
பெடலுக்கு மேலே 'ஐயோ' என்று எழுதி
வெட்கப்பட்டு வெள்ளை பூசினேன்.

ஓட்டிய முனிராஜிடமே காட்டினேன்,
தருமபுரி நாலு ரோட்டு டீக்கடையில்.
தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தான்.
"மூஞ்சி இப்படி இல்லீங்க.
காலுக்குத் தெரிஞ்சது
மூஞ்சிக்கு வரவே நேரமாச்சு.
அதுவரைக்கும் பாட்டுதான்
கேட்டுக்கிட்டு இருந்தேன்."

கிளீனர் தீர்த்தகிரியைப் பற்றி
அவன் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

டீயில் ஆடை படிந்தது.
உருண்டு விழுந்த பென்சிலை எடுக்கக்
குனிந்தேன்.
மேசைக்கடியில் அவன் வலது கால்
ரப்பர் செருப்பு மடங்க
சிமெண்டுத் தரையை
அழுத்திக்கொண்டே இருந்தது.

இதையும் வரையலாம்.
பார்க்கிறவர்களுக்கு அது
தரையில் வைத்த கால்.