பூஜ்ஜியத்தைத் தெளிவாக எழுதவும்

மாலை ஆறு இருபது.
சஹாமேனா ஓடையின் முதல் ஆரஞ்சுக் கொடியருகே
பெலாஹியும் நானும்
பூட்ஸ்களை மருந்துநீரில் முக்குகிறோம்.
ஓர் ஓடையின் நோயை
இன்னோர் ஓடைக்குக் காலில் கொண்டுபோகக் கூடாது.
பெலாஹி ஒவ்வொரு முறையும் இதையே சொல்வான்:
"தேவாலயத்துக்குக்கூட
இப்படிக் கால் கழுவிப் போனதில்லை."

நானூறு மீட்டர், இருபது கொடிகள்.
கொடிக்கு மூன்று நிமிடம்
விளக்கை அணைத்துவிட்டுக் கேட்க வேண்டும்.
பேசக் கூடாது என்பதால்
அவன் கேட்டதை என் மணிக்கட்டில் தட்டுவான்.
நான் கேட்டதை நான் வைத்துக்கொள்வேன்.
பிறகு இரண்டையும் ஒப்பிடுவோம்.

நுணல் தன் வாயால் கெடும் என்பார்கள்.
இங்கே வாயால்தான் அது
கணக்கில் ஏறுகிறது.

மூன்றாம் கொடியில்
சில்லறையை எண்ணுவதுபோல் இரண்டு.
ஐந்தில்
ஈரக் கண்ணாடியை விரலால் தேய்ப்பதுபோல் ஒன்று.
ஆறில் மழை மட்டும்,
அதற்குக் கட்டம் இல்லை.

ஏழாம் கொடி தாழம்புதர்.
மடலை விலக்கினால் முள் கட்டைவிரலைக் கேட்கும்.
இலைக்கவட்டில் ஒரு தேக்கரண்டி மழைநீர்,
அதற்குள் ஒரு தவளையின்
பிறந்த வீடும் புகுந்த வீடும்.
புதுக் கையுறை, புதுப் பஞ்சுக்குச்சி.
வயிற்றில் ஐந்து தடவை, தொடையில் ஐந்து தடவை.
பூஞ்சை இருக்கிறதா என்று
மூன்று மாதம் கழித்துத் தலைநகரிலிருந்து சொல்வார்கள்.
எடை: பூஜ்ஜியம் புள்ளி ஒன்பது கிராம்.
என் கல்யாண மோதிரம் இரண்டு புள்ளி ஒன்று.
அடகு வைத்த அன்று
கடைக்காரன் உரக்கப் படித்தான்.

ஒன்பதுக்கும் பதின்மூன்றுக்கும் நடுவே
ஓடை அகலமாக இருக்கிறது.
அது ஓடையின் குணமல்ல.
பதினொரு வருடம் முன்
நீலக்கல் கிடைக்கிறதென்று
நாலாயிரம் பேர் காட்டுக்குள் இறங்கினார்கள்.
அதில் ஒருவன் பெலாஹி.
கரையைச் சலித்துச் சலித்து
அரிசிமணி அளவில் ஒரு கல் எடுத்தான்,
ஒரு சைக்கிள் வாங்கினான்.
அந்தச் சைக்கிளில்தான் இன்றும்
தவளை எண்ண வருகிறான்.
ஓரிரவுக் கூலியில்
பால்டின் அளவையால் பன்னிரண்டு அரிசி.

பதினொன்றாம் கொடி.
நாலு வருடமாக இங்கே ஒன்றுமில்லை.
படிவத்தின் கீழே அச்சிட்டிருக்கிறது:
பூஜ்ஜியத்தைத் தெளிவாக எழுதவும்.
கட்டத்தைக் காலியாக விடக் கூடாது.
காலியென்றால் யாரும் வரவில்லை.
பூஜ்ஜியம் என்றால்
இரண்டு பேர் வந்தார்கள்,
அட்டைக்குக் கழுத்தைக் கொடுத்தார்கள்,
மூன்று நிமிடம் காதைத் தீட்டி நின்றார்கள்.

விளக்கை அணைத்தோம்.
முதல் நிமிடம் நீர்.
இரண்டாவது நிமிடம் நீர், என் வயிற்றின் சத்தம்.
மூன்றாவதில் பெலாஹியின் விரல்
என் மணிக்கட்டுக்கு மேலே வந்து
தொடாமல் நின்றது.
கைக்கடிகாரம் அதிர்ந்தது. நேரம் முடிந்தது.

அப்போது கத்தியது.

அவன் தோண்டிய பள்ளத்தின் அக்கரையில்,
ஒரே ஒரு தடவை,
ஈரக் கண்ணாடி.

"போடு ஒன்று," என்றான்.
"நேரம் முடிந்துவிட்டது."
"அதனிடம் கடிகாரம் இல்லையே."
"நம்மிடம் இருக்கிறதே.
ஒவ்வொரு கொடியிலும் நாலாவது நிமிடம் நின்றிருந்தால்
சரி, போடலாம்."

சற்று நேரம் அவன் பேசவில்லை.
பிறகு பென்சிலைக் கேட்டான்.
அவனுக்கு எழுத்துத் தெரியாது, எண் தெரியும்.
ஈரத்துக்குக் கிழியாத அந்தத் தாளில்
பூஜ்ஜியத்தை அவனே போட்டான்,
கட்டத்தைத் தாண்டிப் பெரிதாக,
கோடு கோட்டைத் தொட்டு
முழுசாக மூடும்படி.

குறிப்பு என்ற இடத்தில் நான்
"நேரத்துக்குப் பின், இடக்கரை, ஒன்று" என்று எழுதினேன்.
அதை யாரும் கூட்ட மாட்டார்கள்.

பன்னிரண்டாம் கொடிக்கு நடந்தோம்.
அவன் என் கழுத்திலிருந்து அட்டையைப் பிடுங்கி எறிந்தான்.
நான் விளக்கை அணைத்தேன்.