அடியில் ஒரே ஸ்வரம்

நவம்பர் கடைசியில் சூரியன் போய்விட்டான்.
ஜனவரி நடுவில்தான் திரும்புவான்.
வார்டோ தீவில் இதற்கு யாரும் வருந்துவதில்லை,
விளக்கைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவார்கள்.

என் வருத்தம் வேறு.
பாடகர் குழுவில் பாஸ் குரல்கள் நான்கு இருந்தன.
ஒருவர் மாற்றலாகி ஆல்ட்டாவுக்குப் போனார்.
ஒருவர் மகள் பிரசவத்துக்கென்று பெர்கனில்.
ஹால்வ்டான்,
போன வருடம் நான் ஒரு கார்டை மாற்றியதிலிருந்து
என்னோடு பேசுவதில்லை.
மிச்சம் இங்வால்ட்.

நண்டு பதனிடும் கூடத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர்.
மே மாதம் தொண்டையைக் கீறி எதையோ எடுத்தார்கள்.
இப்போது கழுத்தில் ஒரு இளஞ்சிவப்புக் கோடு,
அதற்குள் ஒரே ஒரு ஸ்வரம்:

டி.

நடு சி-யிலிருந்து இடப்பக்கம் ஆறாவது வெள்ளைக் கட்டை.
மேலே போனால் வெறும் காற்று,
கீழே போனால் இருமல்.
இனி வரமாட்டேன் என்று சொல்ல வந்தவர்
பூட்ஸைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.
கழற்றுங்கள் என்றேன்.

அன்றிரவு அந்தப் பழைய கீதத்தைப் பிரித்துப் போட்டேன்.
இந்த ஊர்க்காரர்கள் பல் தேய்த்துக்கொண்டே
நான்கு குரலிலும் பாடக்கூடியது.
மெட்டில் கைவைக்கவில்லை, மெட்டு ஊர்ச்சொத்து.
அதன் கீழே,
தபால்காரர் போல அதே மூன்று வீடுகளுக்குத்
தலைமுறை தலைமுறையாகப் போய்வந்த பாஸை
பென்சிலால் அடித்தேன்.
அந்த இடத்தில் ஒரே டி,
முதல் சொல்லிலிருந்து ஆமென் வரை.

ஓரத்தில் 'நங்கூரம்' என்று எழுதி, அழித்தேன்.
நங்கூரம் கப்பலை நிறுத்திவைக்கும்.
இதுவோ எதையும் நிறுத்தவில்லை.
அடியில் ஒன்று அசையாமல் கிடந்ததும்
மேலே இருந்தவை எல்லாம் ஊர ஆரம்பித்தன.
டெனர் அரைப்படி சறுக்கியது,
ஆல்டோ அதைப் பார்த்துத் தானும் சறுக்கியது,
'மேய்ப்பர்' என்ற சொல்லில்
முதல்முறையாகக் குளிர் அடித்தது.
அவர்கள் வெட்டவெளியில் அல்லவா படுத்திருந்தார்கள்!
இத்தனை காலமும் மேஜரில் போர்வை போர்த்திவிட்டிருந்தோம்.

முதல் ஒத்திகையில் சோப்ரானோ ரன்வெய்க் சொன்னாள்:
காப்பியில் திரிந்த பால்.
மூன்றாவது ஒத்திகை முடிந்து
காரின் பனியைச் சுரண்டும்போது
அதே திரிந்த பாலை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.
நான் கவனிக்காத மாதிரி இருந்தேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள். மாலை நான்கு மணி நள்ளிரவு.
இங்வால்ட் தனியாகத் தொடங்கினார்,
சரக்குக்குக் காத்திருக்கும் என்ஜினின் உறுமல்.
அதன்மேல் நாங்கள் ஏறினோம்.
முதல் சரணம் நல்லபடியாகப் போனது.

இரண்டாவதில்,
மூன்றாம் வரிசையில் ஹால்வ்டான் எழுந்து நின்றார்.
பழைய பாஸைப் பாடினார்.
ஒரு ஸ்வரம் விடாமல், புத்தகம் பார்க்காமல்,
எனக்கென்றே.

மெட்டு ஜி-யில் நீண்டு நிற்கும் இடம் ஒன்று உண்டு.
அங்கே அவர் ஏ.
என் ஆல்டோக்கள் அதற்கு அரை ஸ்வரம் மேலே.
நடுவில் டயர் தொங்கவிடாமல்
படகும் துறைச்சுவரும் உரசுவது போல
ஒரு சத்தம்.
ரன்வெய்க்கின் புருவம் என்னைக் கேட்டது.
என் கை நிற்கவில்லை.
இங்வால்ட் ஹால்வ்டானைப் பார்த்தார்,
முப்பது வருடம் தோளுரசி நின்று பாடிய ஆளை,
பார்த்தபடியே டி-யைப் பிடித்திருந்தார்.

மூன்றாம் சரணத்தில் ஹால்வ்டான் இன்னும் சத்தமாக.
நான் அந்த இடத்துக்காகக் காத்திருந்தேன்.
வந்தது.
உரசியது.
பின்கழுத்தில் மயிர் எழுந்தது எனக்கு.

அப்புறம் காப்பி, இஞ்சி பிஸ்கட்.
என்னைக் கடந்து போனார், பேசவில்லை.
இங்வால்டின் கோட்டில் ஒட்டியிருந்த பனியை மட்டும்
தட்டிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து அந்தத் தாளை எடுத்தேன்.
அந்த ஒரு இடத்தில் ஏ எழுதி, பக்கத்தில் எழுதினேன்:
ஹால்வ்டான், மூன்றாம் வரிசை, சத்தமாக.

அடுத்த வருடத்துக்குள்
மனிதர் மனம் மாறி
என்னோடு ஒத்துப்போய்விடாமல் இருக்க வேண்டும்.