பின் படிக்கட்டு

மேலவெளி வீதியில் சாரம் கட்டியாயிற்று.
சுரண்டச் சுரண்ட
லாட்ஜ் காலத்துப் பச்சை,
அதற்கடியில் ரேஷன் ஆபீஸ் நீலம்,
அதற்கும் அடியில்
துரைமார் உறங்கிய மஞ்சள்.
"இதுதான் அசல், இதோடு நிறுத்து"
என்றார் சென்னை ஆர்க்கிடெக்ட்.

கடுக்காய் ஊறிய தொட்டியில்
கருப்பட்டியைக் கரைத்தோம்.
முதலில் வந்தவை எறும்புகள்.
முன்பதிவு எதுவுமின்றி
பதினாலாம் நம்பர் அறைவரை போய்விட்டன.

1893-ஆம் வருஷத்து வரைபடத்தில்
முன்னால் தேக்குப் படி, அகலம் ஆறடி.
பின்னால் வார்ப்பிரும்புச் சுருள் படி,
ஒன்றே முக்காலடி:
குளிக்க வெந்நீர் ஏறவும்
மூடிய பீங்கான் சட்டிகள் இறங்கவும்.
எழுபதுகளில் யாரோ
எடைக்குப் போட்டுவிட்டார்கள்.
அதையும் அச்சு அசலாக
வார்த்து நிறுத்த வேண்டுமாம்.

சாந்துச் சட்டியோடு நின்ற ஒச்சம்மாள்
படத்தை எட்டிப் பார்த்தாள்.
"இது எதுக்கு சார் இம்புட்டு ஒடுக்கமா?"

சொன்னேன்.

"அப்ப மூணு மாசமா
நான் முன்படியில ஏறுறது
அசல் இல்லையாக்கும்?"

சும்மாட்டைச் சரிசெய்துகொண்டு
தேக்குப் படியின் நட்டநடுவில்
ஏறிப் போனாள்.

கோயம்புத்தூர் பவுண்டரிக்கு
இன்னும் நான் போன் போடவில்லை.