மாற்று ஆள்

ஒரே சனிக்கிழமை, இரண்டு சாவு.
கிராணி சவரிநாதனின் அம்மா விடிகாலையில்.
என் ஆள் மருதையன் அதற்கும் முன்பே,
ரப்பர் புகைக்கூட வாசலில், ஜாகா நாற்காலியில்.
மடியில் டார்ச் அணையாமல் கிடந்தது.

அவர்களுக்குக் கம்பெனி லாரி.
எங்களுக்கு நாலு தோள், ஒரு மைல் செம்மண் சடக்கு.
சனிப்பொணம் தனிப்போகாது என்று
பாடையில் கட்டிய கோழிக்குஞ்சு
பாலத்தருகே கயிறறுத்துக்கொண்டு
செம்பனைக்குள் ஓடிவிட்டது.
ஒரு வருஷம் என் வீட்டில்
யாரும் தண்ணீர் குடிக்கவில்லை.

பாதர் கோர்மக் அயர்லாந்துக்காரர்.
பெக்கான் கோப்பிக்கடையில் ஒருநாள்
உடைந்த தமிழில் சொன்னார்:
"எங்க ஊர்ல, கடைசியா புதைச்ச ஆள்தான்
கல்லறைக்குக் காவல்.
அடுத்த பெட்டி வர்றவரைக்கும் விடுதலை இல்லை.
ஒரே நாள் ரெண்டு சவம்னா
ரெண்டு வீட்டாரும் பெட்டியோட ஓடுவாங்க.
சுவருக்கு மேலே தூக்கிப் போட்டதும் உண்டு."
சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.
பிறகு என் முகத்தைப் பார்த்து,
சர்க்கரையே போடாத கோப்பியைக்
கலக்கத் தொடங்கினார்.

லாரி போய்ச் சேர்ந்தது பத்தேகால்.
நாங்கள், பதினொன்றே முக்கால்.

அப்புறம் தோட்டம் துண்டுதுண்டாக விலைபோனது.
சனம் தாமானுக்குப் போனது.
செத்தவர்கள் ஈப்போவுக்கு, மின்தகனத்துக்கு,
கையில் ரசீதோடு.
இடுகாட்டுக்கு ஒரு பெட்டியும் வரவில்லை.
இருபத்தாறு வருஷம், ஒரே ஷிப்ட்.
உயிரோடு இருந்தபோது ஓவர்டைம் கேட்டு
மூன்று தடவை மனு எழுதின மனுஷன்.

"அது வெள்ளைக்காரன் கதைம்மா, நமக்குச் செல்லாது"
என்கிறாள் மகள்.
நமக்குச் செல்லுகிற கதை,
துணை தேடிக் கூப்பிடுவார் என்றது.
ஒரு நாயைக்கூட அவர் கூப்பிடவில்லை.
அதனால் இந்தக் கதையை வைத்துக்கொண்டேன்.

இப்போது கேட்டில் ஒரு நேப்பாளிப் பையன்.
நுழையக் கூடாதென்று பலகை.
உள்ளே ஒருத்தர் டியூட்டியில் இருக்கிறார் என்றேன்,
பாதி மலாய், பாதி கை.
அவன் சிரிக்கவில்லை.
என் பையிலிருந்த இரண்டு பேட்டரியைப் பார்த்தான்.
தன் கடிகாரத்தைப் பார்த்தான்.
"அவருக்கு மாற்று ஆள் எப்போ?"

முழங்காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னேன்:
மனு போட்டிருக்கேன்.