இரண்டாவது கோட்டு

ஞாயிற்றுக்கிழமை, பத்தரை மணி.
கொடியில் காய்ந்த என் வெள்ளைக் கோட்டில்
அம்மை போட்டதுபோல் நீலப் புள்ளிகள்.
நாளைக் காலை ஆறு மணிக்கு
அதை மாட்டிக்கொண்டுதான்
வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்கு
ரத்தம் எடுக்க வேண்டும்.

கொருக்குப்பேட்டையில் எங்கள் சந்து
ஒரு வண்டி நின்றால்
ஆள் ஒருக்களித்துப் போகிற சந்து.
அதில் நிறுத்தி
எபிநேசர் தன் குட்டியானைக்கு
நீலம் அடித்துக்கொண்டிருந்தான்.
கண்ணாடிக்கு நியூஸ் பேப்பர்,
நம்பர் பிளேட்டுக்கு பிளாஸ்திரி,
மூக்குக்கு குளோரியின் பழைய துப்பட்டா.
எங்கள் மூக்குக்கு ஒன்றுமில்லை.

கம்ப்ரசர் உறுமுகிறது, நிற்கிறது,
மூச்சு பிடித்து மறுபடி உறுமுகிறது.
உள்ளே என் மகளும் அப்படித்தான்.
தின்னர் நெடி பட்டால் அவளுக்கு இழுக்கும்.
நெபுலைசரை மாட்டிவிட்டு
கோட்டை உருவிக்கொண்டு வெளியே வந்தேன்.

"இன்னாடா இது?"
"இன்னும் ஒரு கோட்டுதான்க்கா."
"என் கோட்டப் பாருடா மொதல்ல."

பார்த்தான். துப்பட்டாவை இறக்கினான்.
மூடியிருந்த பாதி முகம் மனுஷன்,
மூடாத பாதி சாமி.
சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"நாளைக்கு எப்.சி.க்கா.
பட்டறையில பதினெட்டாயிரம் கேக்கறான்.
ஒரு தண்ணி கேனுக்கு
எனக்கு நிக்கறது அஞ்சு ரூவா."
கணக்கைப் போடு என்பதுபோல் என்னைப் பார்த்தான்.
நான் போடவில்லை.
போட்டால் சண்டை போட முடியாது.

கத்தினேன். நன்றாகவே கத்தினேன்.
மொட்டைமாடியிலிருந்து பாத்திமுத்து
காயப்போட்ட மிளகாய்க்காக
அவள் பங்குக்கு நாலு வார்த்தை போட்டாள்.
கத்தும்போதே ஒன்று ஓடியது:
ராத்திரி மணலிப் பக்கமிருந்து
அழுகின முட்டை வாடை வரும்போது
எழுந்து ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுத்துக்கொள்கிறோம்.
அந்தப் புகைபோக்கிக்கு வாசற்படி கிடையாது.
'டேய்' என்றால் திரும்ப ஆள் கிடையாது.
இவன் திரும்புகிறான்.
அதற்காக விட்டுவிட முடியுமா,
கத்தி முடித்துவிட்டுத்தான் நிறுத்தினேன்.

கடைசியில் தார்ப்பாய் கட்டினான்.
"கடல்காத்து ஏறட்டும்க்கா,
எல்லாத்தயும் கூட்ஸ் ஷெட் பக்கம் தள்ளிடும்."
மகளை நேதாஜி நகருக்கு
சித்தி வீட்டுக்கு அனுப்பினேன்.

காற்று ஏறியது.
கரண்ட் போனது.
முழுசாகப் போகவில்லை, ஒரு பேஸ்.
அவன் வரிசை முழுக்க அணைந்து
என் ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.
குட்டியானைக்குக் கதவு வரைக்கும்தான்
இரண்டாவது கோட்டு.
அதற்குப் பின்னால் திட்டுத்திட்டாக
பழைய வெள்ளை.
இப்படியே காய்ந்தால் வாலில்லாத குரங்குதான்.

வாசலில் வந்து நின்றான்.
வாயைத் திறக்கவில்லை.
கையில் ஒயர் சுருள்.

ஜன்னல் வழியாக ப்ளக்கை வாங்கி
நெபுலைசரைக் கழற்றிய அதே பாயிண்டில்
சொருகினேன்.
ஜன்னல் சாத்தவில்லை,
ஒயர் தடிமனுக்கு ஒரு சந்து விட்டது.
இரண்டாவது கோட்டு பூராவும்
அந்தச் சந்து வழியாக
என் வீட்டுக்குள் வந்தது.

திங்கட்கிழமை ஒரு பெரியவர்
ஊசி ஏறும்வரை என் புள்ளிகளை எண்ணினார்.
முப்பத்தொன்று என்றார்.
நான் அதுவரை எண்ணவில்லை.

செவ்வாய், டூட்டி முடிந்து வருகிறேன்.
எப்.சி. கிடைத்துவிட்டதாம்,
குளோரி தெருமுனையிலேயே சொன்னாள்.
வீட்டுக்கு வந்தால் என் கேட்டு நீலம்.
புள்ளி விழுந்ததை மறைக்க
மொத்தத்தையும் அடித்துவிட்டான்.
கம்பி, கீல், தாழ்ப்பாள்,
தபால் பெட்டியில் பாதி.
"மிச்சம் இருந்துச்சுக்கா."

"யாரக் கேட்டுடா அடிச்ச?"

தோளில் பை, காலில் வலி,
உள்ளே போக வழியில்லை.
தாழ்ப்பாளுக்குக் கை நீட்டுகிறேன்.
பிரஷ்ஷோடு ஓடி வருகிறான்:
"தொடாதக்கா, தொடாத,
இன்னும் ஒரு கோட்டு பாக்கி."