அரைப் பேர்

பிள்ளைக் காம்பராவின் கடைசிப் படியில்தான்
இரண்டு கோடு சிக்னல் கிடைக்கும்.
மடிக்கணினி நனையாமலிருக்க
புஷ்பலீலாவின் படங்கை இரவல் வாங்கிக்
கூடாரமாகப் பிடித்திருக்கிறேன்.
மணி மூன்றே கால்.
இறங்கிய பனி எதிர் லயத்து பல்பையும் தின்றுவிட்டது.

கவலையில்லை.
வானம் துடைத்துவைத்தது போலிருந்தாலும்
நான் தேடும் வெளிச்சம் மஸ்கெலியாவுக்கு வராது.
எக்ஸ் கதிரைக் காற்றே குடித்துவிடும்.
காற்றுக்கு மேலே சுற்றுகிற ஒரு பெட்டி
அதை எண்ணி
தொண்ணூறு நிமிடத்துக்கு ஒருமுறை
இலக்கங்களாக இறக்கிவைக்கும்.

அதற்குப் பெயர் கிடையாது,
செக்ரோலில் உள்ளது போல ஒரு நம்பர்.
ஹட்டனில் ஏறி மஸ்கெலியாவில் இறங்குகிற
பஸ் தூரம்தான் அதன் அகலம்,
எடையோ ஒன்றரைச் சூரியன்.
கூடவே சுற்றுகிற துணையின் உடம்பை
கொஞ்சம் கொஞ்சமாய் உரித்து
தன்னைச் சுற்றித் தட்டாகச் சேர்க்கும்,
விழுங்காது.
பதினோரு வருஷமாக விழுங்கவில்லை.
தட்டுத் தாங்காத ஒரு நாள்
மொத்தமும் சரியும்.
அந்த நாளைப் பிடிக்கத்தான் எனக்குச் சம்பளம்.

வந்த எண்ணிக்கையை அப்படியே எடுக்கமுடியாது.
பின்னணி என்று ஒன்று உண்டு,
அதைக் கழிக்கவேண்டும்.
நேற்றுப் பின்னேரம் மடுவத்தில்
புஷ்பலீலாவின் கொழுந்திலும் கழித்தார்கள்:
சாக்குக்கு ஒரு கிலோ, மழை ஈரத்துக்கு ஒரு கிலோ.
பத்தொன்பது பதினேழானது.
பதினெட்டு இல்லையென்றால்
அரைப் பேர்.

கழித்தேன்.
நாலு தசம் ஒன்று.
ஐந்து சிக்மா வந்தால்தான் வெடிப்பு என்று எழுதலாம்,
அதற்குக் கீழே எல்லாம் இரைச்சல்.
அடுத்த சுற்று, நாலு தசம் மூன்று.
அதற்கடுத்த சுற்றில் பெட்டி
தென் அத்திலாந்திக்கின் மேல் கண்ணை மூடிக்கொண்டது.

பிரட்டுக்குச் சங்கு ஊதியபோது
படங்கைக் கேட்டு வந்தாள்.
"விழுந்துருச்சா?"
"நிறை பத்தல."
"எம்புட்டு கொறையுது?"
"முக்கால்கூட இல்ல."
உதறி இடுப்பில் சுற்றிக்கொண்டே சொன்னாள்:
"கழிக்கிறது அவங்க வேல.
நீ என்னத்துக்குக் கழிக்கிற? போட்டுக் குடு."

கழிக்காமல் இந்தத் தொழிலே இல்லை என்று
சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் அவள் படியிறங்கிவிட்டாள்.
படங்கு போனதும் விசைப்பலகையில் தூறல்.

சிலியில் இன்னும் இரவு.
விழித்திருக்கும் யாராவது
தொலைநோக்கியைத் திருப்பலாம், திருப்பாமலும் விடலாம்.
'சந்தேகம்' என்று தலைப்பிட்டேன்,
நாலு தசம் மூன்றை மறைக்காமல் போட்டேன்,
அனுப்பினேன்.

பத்தாம் நம்பர் மலையில்
நிரைக்குச் சண்டைபிடிக்கிற சத்தம்
பனிக்குள்ளிருந்து கேட்கிறது.
இரண்டு கோடு ஒன்றாகிவிட்டது.
போய்க்கொண்டிருக்கிறது,
இன்னும்
போய்க்கொண்டுதான் இருக்கிறது.